குமரி மாவட்டக் கோடை விடுமுறையை வைத்து ஒரு சிறுவர் நாவல்: உங்கள் யோசனைகள் வேண்டும்

தக்கலைக்காரன்:

வணக்கம். பத்து முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் வாசிக்க ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். களம் நம்ம மாவட்டம்தான். தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டவுன், பெயரை நானே வைத்துக்கொண்டேன். ஒரு சந்தை, ஒரு பஸ் ஸ்டாப், ஓட்டு வீடுகள், வீட்டைச் சுற்றி விளை, கூப்பிடு தூரத்தில் கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும். காலம் 1980களின் கடைசி. முழுப் பரீட்சை முடிந்த மறுநாள் தொடங்கி, ஜூனில் பள்ளி திறக்கிற அன்று கதை முடிகிறது.

நம்ம ஊர்க் கோடையைப் பற்றி வருவதில் பெரும்பகுதி பெரியவர்கள் பெரியவர்களுக்காக எழுதுவது. "அதெல்லாம் ஒரு காலம்" என்று ஆரம்பித்து, அயனிச்சக்கை, நொங்கு, அக்கானி, செங்கவருக்கை மாம்பழம் என்று வரிசையாகச் சொல்லி, இந்தக் காலப் பிள்ளைகள் செல்போனோடு இருக்கிறார்களே என்ற வருத்தத்தில் முடியும். எனக்கு அவற்றைப் படிக்கப் பிடிக்கும். ஆனால் பத்து வயதுப் பிள்ளை இன்னும் எதையும் இழக்கவில்லையே. அதன் கையில் ஏக்கத்தைக் கொடுத்தால் அது அதை வைத்து என்ன செய்யும்?

இப்போதைக்கு என் திட்டம் இது: சென்னையில் படிக்கும் ஒரு பையன் விடுமுறைக்குப் பாட்டா (தாத்தா) வீட்டுக்கு வருகிறான். ஊரை அவன் கண் வழியாகப் பார்க்கிறோம். இது சரியாக வருமா? இந்த நாவலில் கட்டாயம் இருக்க வேண்டியது எது? மாவட்டத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் இங்கே இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

நாஞ்சில் டீச்சர்:

நல்ல முயற்சி தம்பி. நான் பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவள். பிள்ளைகள் எந்தப் புத்தகத்தை எந்தப் பக்கத்தில் கீழே வைக்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டே இருப்பேன். வர்ணனை நீளமாக இருப்பதற்காக அவர்கள் கீழே வைப்பதில்லை. கதையில் வருகிறவனுக்கு என்ன வேண்டும் என்று தெரியாதபோதுதான் வைத்துவிடுகிறார்கள். அவனுக்கு ஒரு சைக்கிள் வேண்டும், அல்லது ஒரு ரகசியம் தெரிய வேண்டும், அல்லது யாரோ ஒருத்தரோடு மறுபடி சேர வேண்டும். அது முதல் பத்துப் பக்கத்துக்குள் தெரிந்துவிட்டால், அப்புறம் நீங்கள் பலா மரத்தை எவ்வளவு வர்ணித்தாலும் பொறுத்துக்கொள்வார்கள்.

சென்னைப் பையன் வேண்டாம் என்பது என் கருத்து. பட்டணத்துப் பிள்ளை கிராமத்துக்கு வந்து ஆச்சரியப்படும் கதை போதுமான அளவு வந்துவிட்டது. அதில் உள்ளூர்ப் பிள்ளைகள் வழிகாட்டிகளாகத்தான் வருவார்கள். மரம் ஏறிக் காட்டுவார்கள், மாங்காய் பறித்துக் கொடுப்பார்கள், கடைசியில் பஸ்ஸுக்குக் கையசைப்பார்கள். விடுமுறை முழுக்க அவனுடையதாகிவிடுகிறது. என் வகுப்புப் பிள்ளைகள் அந்தக் கையசைக்கிற பக்கத்தில் இருப்பவர்கள். ஊரிலேயே பிறந்து, விடுமுறைக்கும் எங்கேயும் போகாத ஒரு பிள்ளையைக் கதாநாயகனாக வையுங்கள். அவனுக்கு ஊர் புதிதல்ல. அப்படிப்பட்டவனுக்கே அந்தக் கோடையில் ஊரைப் பற்றிப் புதிதாக ஒன்று தெரிய வந்தால் அது கதை.

தேரூர்க் கவிமணி பிறந்த மாவட்டம் இது. குழந்தைகளுக்கான தமிழ்ப் பாட்டு என்றால் அவர் பெயர் முதலில் வரும். நம்ம மண்ணிலிருந்து பிள்ளைகளுக்கு உரைநடையிலும் நல்லதாக ஒன்று வரட்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

சானல்கரை:

டீச்சர் சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். நான் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன், அதுதான் எனக்குத் தெரிந்த விஷயம்.

நம்ம ஊர்க் கோடை என்றதும் பிள்ளைகள் சானலில், அதாவது பாசனக் கால்வாயில், குதித்துக் குளிப்பதாக எழுதிவிடுகிறார்கள். பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் தொடக்கத்தில்தான் அணை திறப்பார்கள், பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல்லும் அந்தக் கணக்கில்தான் விளைந்தன. ஆகவே ஏப்ரல் மே மாதத்தில் சானல் காய்ந்து கிடக்கும். அங்கங்கே குழியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும், அதில் மீன் துள்ளும், பிள்ளைகள் துணியை வைத்துப் பிடிப்பார்கள். குளிக்க ஆற்றுக்கோ குளத்துக்கோதான் போக வேண்டும், குளமும் பாதியாக வற்றியிருக்கும்.

இதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கதையே இங்கேதான் இருக்கிறது. தண்ணீர் இல்லாத சானல் பிள்ளைகளுக்கு ஒரு ரோடு. பஸ் போகிற ரோட்டில் பெரியவர்கள் பார்ப்பார்கள். சானலுக்குள் இறங்கி நடந்தால் இரண்டு பக்கமும் கரை உயர்ந்து நிற்கும், வெளியே தலை தெரியாது. ஊர்களின் பின்பக்கத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே போகலாம். பாலத்துக்கு அடியில் போகலாம். தக்கலைப் பக்கம் வருகிற பத்மநாபபுரம் புத்தனாறு சானல் புத்தன் அணையில் பிரிந்து வருகிறது. பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடிந்தது, திருவிதாங்கூர் ராஜா காலம். அதற்கு மேலே மலை.

உங்கள் பையனுக்கு இந்தத் தண்ணீர் எங்கே இருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறக்கிற சமயத்தில் தண்ணீர் வந்துவிடுகிறது, எங்கிருந்து என்று யாரும் கூட்டிப்போய்க் காட்டியதில்லை. சானல் வழியாகவே நடந்து போய்ப் பார்த்துவிட முடிவு செய்கிறான். அணை திறப்பதற்குள் போய்த் திரும்ப வேண்டும். வேண்டியது ஒன்று இருக்கிறது, கெடுவும் இருக்கிறது. நாம் எதையும் இட்டுக்கட்ட வேண்டாம், பொதுப்பணித்துறையே கெடு வைத்துவிட்டது.

தக்கலைக்காரன்:

அண்ணா, இதைப் படித்ததிலிருந்து வேறு எதுவும் ஓடவில்லை. தண்ணீர் இல்லாத சானல் வழியாக மேலே நடப்பது. சென்னைப் பையனை விட்டுவிட்டேன்.

ரப்பர்க்காடு:

குலசேகரம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அவர்கள் மேலே நடக்க நடக்க நிலம் மாறும், அதைக் கவனமாக எழுதுங்கள். கீழே தென்னை, வாழை, மரச்சீனி. கொஞ்சம் போனதும் ரப்பர் தொடங்கும். அதற்குள் நுழைந்ததும் வெளிச்சமே வேறு மாதிரி ஆகிவிடும்.

எந்தப் புத்தகத்திலும் ரப்பர் தோட்டம் ஒரு பச்சைத் திரையாகத்தான் வருகிறது. பிள்ளைகளுக்கு அது வேலையிடம். பால் வெட்டுகிறவர்கள் விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால்தான் அந்த நேரம். சிரட்டையில் சேர்ந்த பாலை எடுத்து, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ரோலரில் கொடுத்து ஷீட் அடித்து, துணி மாதிரிக் கொடியில் காயப்போடுவார்கள். வெட்டின பட்டையிலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்து கிடப்பது ஒட்டுப்பால். அதைப் பிய்த்து உருட்டிச் சேர்ப்பது பிள்ளைகள் வேலை, எடைக்கு விற்றால் கைச்செலவுக்குக் காசு. உங்கள் கூட்டத்தில் ஒரு பிள்ளைக்கு இப்படி ஒரு வேலை இருக்கட்டும். அவன் எல்லா நாளும் வர முடியாது. காலையில் வேலை முடித்துவிட்டுத்தான் வருவான். கூட்டு சேர்வதில் வருகிற உண்மையான சிக்கல் அதுதான்.

தேனைப் பற்றியும் வையுங்கள். மார்த்தாண்டத்தில் 1920களில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப்புற மையம் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தது, அதிலிருந்து பரவியது இந்தத் தொழில். ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதில்லை என்பது பல பெரியவர்களுக்கே தெரியாது. இலை உதிர்ந்து புதுத் தளிர் வரும்போது இலைக்காம்பின் நுனியில் ஒரு சுரப்பி தேன் சொட்டும், தேனீ அதைத்தான் எடுக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! விடுமுறை விடுகிற சமயத்தில் அந்த வரத்து முடிகிற கட்டம், பெட்டிகளை வேறு இடத்துக்கு மாற்றுவார்கள்.

ஒன்றே ஒன்று, ரப்பர்க்கொட்டை பொறுக்கி விளையாடுவதாக மே மாதத்தில் எழுதிவிடாதீர்கள். கொட்டை வெடித்து விழுவது ஆடி ஆவணியில். நம்ம ஆட்கள் உடனே கண்டுபிடிப்பார்கள். மே மாதம் கொல்லாம்பழம் (முந்திரிப் பழம்), சக்கை, நொங்கு எல்லாம் தாராளமாக வைக்கலாம்.

கொல்லாம்பூ:

எல்லாரும் பையன் பையன் என்றே எழுதுகிறீர்கள். நான் விளவங்கோடு தாலுகாவில் வளர்ந்தவள். பெண்பிள்ளைகளின் கோடையைக் கொஞ்சம் கேளுங்கள்.

ஏழு எட்டு வயது வரை வித்தியாசமே இல்லை. நாங்களும் கொல்லாமரத்தில் ஏறுவோம், கிளியந்தட்டு விளையாடுவோம், அண்டி, அதாவது முந்திரிக்கொட்டை, பொறுக்குவோம். அண்டியைத் தீயில் சுட்டுத் தின்பது பெரிய கொண்டாட்டம். அதன் தோட்டு எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரிந்துவிடும். உதட்டோரத்தில் அந்தக் கறையோடு பள்ளிக்குப் போகாத பிள்ளை எங்கள் தெருவில் கிடையாது. ஆனால் எங்களுக்கு விளையாட்டான அதே எண்ணெய்தான் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, வேலைக்குப் போகிற அம்மாமாரின் விரல்களைக் கறுப்பாக்கியது. அம்மா சோறு பிசைந்து தரும்போது அந்த விரல்களைத்தான் பிள்ளை பார்க்கிறது. இது நாவலில் வர வேண்டும். அழவைப்பதற்காகச் சொல்லவில்லை, அந்த வீட்டில் காசு எப்படி வருகிறது என்று வாசிக்கிற பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

பத்து, பதினொன்று ஆகும்போது வெளியே போகும் தூரம் குறையத் தொடங்கும். தம்பியைப் பார்த்துக்கொள், தண்ணீர் எடு, அம்மா வேலைக்குப் போகிறாள், நீ வீட்டில் இரு. அப்போதும் யாரும் தடுக்காத ஒரே இடம் வி.பி.எஸ். மே மாதம் சர்ச்சில் நடக்கிற விடுமுறை வேதாகமப் பள்ளியைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் இந்துப் பிள்ளைகளும் வருவார்கள். அசைவோடு பாட்டு, வசனம் மனப்பாடம், வண்ணத்தாளில் கைவேலை, கடைசி நாள் ஊர்வலம். ஒரு பெண்பிள்ளை காலையில் வீட்டைவிட்டு இறங்கி, கூட்டத்தோடு தெருவில் பாடிக்கொண்டு நடக்கலாம், யாரும் எங்கே போகிறாய் என்று கேட்கமாட்டார்கள். அதேபோல கோயில் கொடை, அதாவது கோயில் திருவிழா. வில்லுப்பாட்டு கேட்கிற ராத்திரி, வீட்டுப் பெண்கள் எல்லாரும் பாயோடு போய் உட்கார்ந்திருப்பார்கள். அந்த ராத்திரி மட்டும் தூங்கச் சொல்ல ஆள் இல்லை.

என் யோசனை இதுதான். சானல் வழியாகப் போக ஆசைப்படுவது ஒரு பெண்பிள்ளையாக இருக்கட்டும், வயது பன்னிரண்டு. அடுத்த வருஷம் தன்னை விடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அண்ணன் சொன்ன அணை திறக்கிற கெடுவைவிட இந்தக் கெடு பெரியது.

நாஞ்சில் டீச்சர்:

இதுதான் தங்கச்சி. இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. வி.பி.எஸ். என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினால் காலை நேரம் முழுக்கக் கையில் இருக்கிறது. பொய் சொல்லிவிட்டுப் போகிறாளே என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும். பொய் சொன்னதன் பாரத்தையும் அவளே சுமக்கட்டும். பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரிந்த பாரம்.

கடற்கரைப் பிள்ளை:

குளச்சல் பக்கம். கடல் வருமா கதையில்? வந்தால் அதைச் சூரிய அஸ்தமனம் பார்க்கிற இடமாக மட்டும் காட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சித்திரைப் பௌர்ணமிக்குக் கன்னியாகுமரியில் ஒரு பக்கம் சூரியன் இறங்க மறுபக்கம் நிலா ஏறுவதைப் பார்க்க ஊரே போகும். அது அழகுதான், அதற்கு ஓர் அத்தியாயம் கொடுங்கள். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குக் கடற்கரை என்றால் கரமடி இழுப்பது. வலை கரைக்கு வரும்போது கயிற்றில் கை வைத்துக் கூட நின்று இழுத்தால் ஒரு பங்கு மீன் கிடைக்கும். சாளை நிறையப் பட்ட நாளில் கை கொள்ளாமல் கொண்டு போவோம்.

காலத்தையும் கவனியுங்கள். இப்போது என்றால் சின்னமுட்டம் பக்கம் விசைப்படகுகளுக்குத் தடை ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14 வரை. எங்களுக்கு மேற்குக் கடற்கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31. ஒரே மாவட்டத்தில் அங்கே படகு கரையில் நிற்கும்போது இங்கே கடலுக்குப் போகும். இன்றைய கதையாக இருந்தால் சின்னமுட்டத்துப் பிள்ளைக்குக் கோடை விடுமுறை என்பது அப்பாவும் வீட்டில் இருக்கிற, காசு தட்டுப்பாடான விடுமுறை. நீங்கள் எழுதுவது 1980கள். இந்தத் தடை தமிழ்நாட்டில் 2001இல்தான் வந்தது. ஆகவே உங்கள் நாவலில் அதைத் தொட வேண்டாம்.

கோவை வாசகி:

நடுவில் நுழைகிறேன். நான் உங்கள் பக்கத்து ஆள் இல்லை, ஆனால் என் பையனுக்கு வாங்கப் போகிறவள். உரையாடல் முழுக்கக் குமரிப் பேச்சில் இருந்தால் அவனுக்குப் புரியுமா? நீங்கள் எழுதியதிலேயே எனக்குச் சில இடம் நின்று படிக்க வேண்டியிருந்தது.

தக்கலைக்காரன்:

நியாயமான கேள்வி அக்கா. கதை சொல்கிற குரல் எல்லாருக்கும் பொதுவான எளிய தமிழில் இருக்கும். பேசும்போது மட்டும் அவர்கள் பேச்சு. "லேய் மக்கா, இஞ்ச வா" என்று பாட்டா கூப்பிட்டால், அவர் கூப்பிடுகிறார் என்பது கோவைப் பிள்ளைக்கும் கேட்டுவிடும். அடியில் அர்த்தம் போடமாட்டேன். பொருள், பழம், விளையாட்டு எதுவானாலும் பிள்ளைகள் அதைக் கையில் எடுத்து ஏதாவது செய்கிறபோதே என்னவென்று தெரிந்துவிட வேண்டும். தெரியவில்லை என்றால் அந்தக் காட்சியை நான் இன்னும் சரியாக எழுதவில்லை என்று பொருள்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் காதில் மலையாளமும் விழுந்துகொண்டே இருக்கும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த பகுதி. பாட்டா தலைமுறை பள்ளியில் மலையாளம் படித்திருக்கும். அதை விளக்காமல் பாட்டாவின் வாயில் இயல்பாக வரவிடப் போகிறேன்.

சானல்கரை:

ஒரு கனமான விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஒவ்வொரு கோடையிலும் குளத்திலும் ஆற்றிலும் பிள்ளைகள் மூழ்கிப் போகிறார்கள். வற்றிய குளம் பார்க்கப் பயமில்லாமல் இருக்கும், ஆனால் மண் அள்ளிய பள்ளம் அடியில் இருக்கும். மேலே இருந்து தெரியாது. ஆற்றில் கயம், அதாவது ஆழமான குழி, இருக்கும் இடத்தில் மேல்தண்ணீர் அசையாமல் கிடக்கும். சாகசக் கதை எழுதுகிறபோது இதை மறைத்துவிடக் கூடாது. பிள்ளைகள் படித்துவிட்டு இறங்குவார்கள்.

நாஞ்சில் டீச்சர்:

மறைக்க வேண்டாம், உபதேசமும் வேண்டாம். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அவர்கள் போகிற வழியில் ஓர் ஊரில் யாரும் குளிக்காத குளம் இருக்கிறது. ஏன் என்று கேட்கிறாள். துணி துவைக்கிற அம்மா ஒருத்தி, போன வருஷம் மூழ்கிய பையனின் பெயரைச் சொல்கிறாள், எந்த இடத்தில் பள்ளம் என்று கை நீட்டிக் காட்டுகிறாள். அப்புறம் துவைக்கத் தொடங்கிவிடுகிறாள். பிள்ளைகள் அந்தக் குளத்தைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார்கள். அவ்வளவு போதும், படிக்கிற பிள்ளை மறக்காது. பதிப்பகத்தில் யாராவது அந்தப் பக்கத்தை எடுக்கச் சொன்னால் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள்.

தக்கலைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. இப்போதைய வடிவம் இது. கதை சொல்கிறவள் பன்னிரண்டு வயதுப் பெண். அம்மா அண்டி ஆபீசுக்குப் போகிறாள். தம்பியை விட்டுவிட்டுப் போக முடியாது, ஆகவே அவனும் கூட வருகிறான். அதனால் வேகம் குறைகிறது, பசி வருகிறது, பாதியில் திரும்ப வேண்டி வருகிறது. மூன்றாவது ஆள் ஒட்டுப்பால் சேர்க்கிற பையன், மதியத்துக்குப் பிறகுதான் வருவான். சித்திரை விஷு அன்று கனி கண்டு கிடைத்த கைநீட்டக் காசுதான் வழிச்செலவு. முதல் இரண்டு முயற்சி தோற்கிறது. நடுவில் கொடை ராத்திரி, வி.பி.எஸ். ஊர்வலம், குளத்து அம்மா. ஆன்டெனாவைத் திருவனந்தபுரத்துப் பக்கம் திருப்பி வைத்திருக்கிற ஒரு டி.வி. வீடும் உண்டு, அங்கே தெரு முழுக்க உட்கார்ந்திருக்கும்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தையும் வைக்கத் தோன்றுகிறது. 1966இல் கட்டியது, 115 அடி உயரம், ஆற்றுக்கு மேலே இன்னோர் ஆறு போகிற மாதிரி. ஆனால் அவர்கள் நடக்கிற சானல் அது இல்லை. அதற்காகக் கதையை வளைக்க மனம் வரவில்லை.

எனக்கு இன்னும் தெளியாதது முடிவு. அவள் அணைக்குப் போய்ச் சேர்கிறாளா?

சானல்கரை:

தொட்டிப்பாலத்தை விட்டுவிடுங்கள், அது வேறு புத்தகம்.

அவள் போய்ச் சேர வேண்டும். இவ்வளவு தூரம் நடக்க வைத்துவிட்டு ஏமாற்றினால் பிள்ளைகள் மன்னிக்கமாட்டார்கள். ஆனால் அங்கே பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு ஷட்டர், அதைத் திருப்புகிற கைப்பிடி, எண்ணெய் போடுகிற லஸ்கர், அதாவது அணைப் பணியாளர், ஒருத்தர். அவரோடு அவள் பேசட்டும். கேட்கிற ஆள் கிடைத்தால் அவருக்குச் சொல்ல நிறைய இருக்கும். திறந்த அன்றே எல்லா இடத்துக்கும் தண்ணீர் போய்விடாது, சானலின் கடைசியில் இருக்கிற கடைவரம்பு வயலுக்குப் போய்ச் சேர நாளாகும், நடுவில் யார் யார் அடைப்பார்கள், எங்கே சண்டை வரும், எல்லாம் அவருக்குத் தெரியும். தன் ஊருக்கு எப்போது வந்து சேரும் என்று அவள் கேட்கட்டும். அவர் ஒரு கணக்குச் சொல்லட்டும். ஊரில் வேறு யாருக்கும் தெரியாத அந்தக் கணக்கோடு அவள் திரும்பி வருகிறாள். தண்ணீர் வருகிறபோது முன்னால் சருகும் தேங்காய்த் தொண்டும் பழைய செருப்புமாகத்தான் தள்ளிக்கொண்டு வரும், அதையும் சரியாக எழுதுங்கள்.

ரப்பர்க்காடு:

அப்படியானால் மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்குவதும் பள்ளி திறப்பதும் அணை திறப்பதும் நமக்கு ஏறக்குறைய ஒரே வாரம். சில வருஷம் மழை பிந்தும், அணை திறப்பதும் தள்ளிப்போகும். அவள் கொண்டுவந்த கணக்கு சரியாக வருமா என்று கடைசி வரை தெரியாமல் வைக்கலாம்.

கொல்லாம்பூ:

அவள் அம்மாவிடம் சொல்கிறாளா என்பதையும் யோசியுங்கள். சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். தண்ணீர் இன்ன நாளில் வரும் என்று அவள் வாய் தவறிச் சொல்லிவிட்டால் அம்மாவுக்குப் புரிந்துவிடும். அடி விழலாம். ஆனால் அடுத்த வருஷம் போகக் கூடாது என்று அந்த அம்மா சொல்கிறாளா, ஒன்றும் சொல்லாமல் இருக்கிறாளா, அங்கேதான் எனக்குப் படபடப்பு. அவளும் ஒரு காலத்தில் பன்னிரண்டு வயதில் அதே ஊரில் இருந்தவள்தானே.

நாஞ்சில் டீச்சர்:

தம்பி, பள்ளி திறந்ததும் ஆறாம் வகுப்பில் வாரம் ஒரு பீரியட் எனக்கு வாசிப்பு நேரம் இருக்கிறது. முதல் மூன்று அத்தியாயத்தை அச்செடுத்து அனுப்புங்கள், நானே வாசித்துக் காட்டுகிறேன். எந்த இடத்தில் கேள்வி கேட்கிறார்கள், எந்த இடத்தில் ஜன்னலைப் பார்க்கிறார்கள் என்று ஓரத்தில் குறித்து அனுப்பி வைக்கிறேன். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள், சிலர் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கக் கேட்பார்கள்.